பந்தயத் திடலின் கல்லறைகள்: அமெரிக்க நினைவு நாட்களும் அதிபர்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்புச் சட்டம் அதிபருக்குப் படைகளின் தலைமையையும், சட்டங்களுக்கு ஒப்புதல் தரவும் மறுக்கவுமான உரிமையையும், தண்டனை பெற்றவர்களை மன்னிக்கும் உரிமையையும் வழங்குகிறது. ஆனால் எந்த நாளில் யாரை நினைத்துத் துக்கம் காக்க வேண்டும் என்று மக்களுக்குச் சொல்லும் அதிகாரத்தை அது எங்கும் குறிப்பிடவில்லை. மன்னரை உதறிவிட்டு எழுந்த அந்த நாட்டில் அரண்மனைத் துக்கம் என்ற ஒன்று இருக்க வழியில்லை. அரசுக்கென்று ஒரு மதம் கூடாது என்று விதித்துக்கொண்டதால் திருச்சபையின் நாட்காட்டியும் அரசின் நாட்காட்டியாக முடியாது. ஆகவே தேசிய நினைவு நாள் என்பது அங்கே பிரகடனத்தின் வழியாகவே, அதாவது அதிபர் கையெழுத்திட்டு நாட்டுக்கு விடுக்கும், யாரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்தாத ஒரு பொது வேண்டுகோளின் வழியாகவே, உருவெடுத்தது. இந்தப் பிரகடனங்களின் வரிசையை மட்டும் படிப்பவருக்கு அமெரிக்காவின் நினைவு நாட்களை எல்லாம் அதிபர்களே உண்டாக்கினார்கள் என்று தோன்றும். உண்மையில், நிலைத்து நின்ற நினைவு நாட்களில் பெரும்பாலானவை கல்லறைகளுக்குப் பூ கொண்டுபோன எளிய மனிதர்களிடமிருந்து வந்தவை. அதிபர்கள் பின்னால் வந்து கையெழுத்திட்டார்கள், கையெழுத்திடும்போது எதை நினைவில் வைப்பது என்பதும் மாறிப்போனது.

பிரகடன மரபு முதல் அதிபரிடமே தொடங்கியது. 1789 அக்டோபர் 3 அன்று ஜார்ஜ் வாஷிங்டன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்டுக்கொண்டபடி, அவ்வாண்டு நவம்பர் 26 ஆம் தேதியை நன்றி செலுத்தும் நாளாக அறிவித்தார். பத்தாண்டு கழித்து, 1799 டிசம்பர் 14 அன்று அவர் மவுன்ட் வெர்னன் பண்ணை வீட்டில் காலமானபோது, அடுத்த அதிபர் ஜான் ஆடம்ஸ், இறந்தவரின் பிறந்த நாளான 1800 பிப்ரவரி 22 அன்று மக்கள் ஊர்தோறும் கூடி அவர் நினைவைப் போற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஓர் அதிபருக்காக நாடு முழுவதும் கடைப்பிடித்த முதல் துக்க நாள் அது. மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனோ நோன்பு நாளையும் நன்றி நாளையும் அறிவிக்க மறுத்தே விட்டார்; ஒரு நாளில் வழிபடுங்கள் என்று அதிபர் பரிந்துரைப்பதுகூட மறைமுகமான கட்டளைதான் என்று அவர் கருதினார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் மேடிசன் 1812 ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் இந்த வழக்கத்தை மீட்டாலும், ஜெஃபர்சன் எழுப்பிய கேள்வி நியாயமானதாகவே நின்றது. மக்களின் துக்கத்துக்குத் தேதி குறிப்பவர் அந்தத் துக்கத்தின் பொருளையும் சேர்த்தே குறித்துவிடுகிறார் என்பதைப் பிற்கால வரலாறு பலமுறை காட்டியது.

அந்த அதிகாரத்தை மிக ஆழமாகப் பயன்படுத்தியவர் ஆபிரகாம் லிங்கன். 1861 இல் தொடங்கி 1865 இல் முடிந்த உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கும் நோக்கில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பும் பிரிவினையை ஏற்காத ஒன்றிய அரசும் மோதிக்கொண்டிருந்தபோது, லிங்கன் 1861 செப்டம்பரிலும், 1863 ஏப்ரல் 30 அன்றும், 1864 ஆகஸ்டிலும் நோன்பு நாட்களை அறிவித்தார். போரைத் தேசம் முழுவதும் செய்த பாவத்துக்கான தண்டனையாகக் கண்டு வருந்தச் சொன்ன அந்தப் பிரகடனங்களில் வெற்றி முழக்கம் இல்லை. 1863 அக்டோபரில், சாரா ஜொசஃபா ஹேல் என்ற இதழாசிரியர் ஆண்டுக்கணக்காக எழுதி வற்புறுத்தி வந்ததை ஏற்று, நவம்பர் மாதத்தின் கடைசி வியாழனை நன்றி நாளாக அவர் அறிவித்ததிலிருந்து அந்த விழா இடைவெளியின்றித் தொடர்கிறது. தேசியப் பழக்கமாகப் பதிந்த முதல் பிரகடன நாளுக்குப் பின்னாலும் ஒரு தனிமனிதரின் சலியாத முயற்சி இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

லிங்கன் 1865 ஏப்ரல் 14 அன்று, புனித வெள்ளி இரவில், வாஷிங்டன் நகரின் ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மே 25 ஆம் தேதியைத் துக்க நாளாக முதலில் அறிவித்து, அது கிறிஸ்தவர்களில் பலர் மகிழ்ச்சியோடு கொண்டாடும் இயேசு விண்ணேற்ற நாள் என்பது தெரிந்ததும் ஜூன் 1 க்கு மாற்றினார். அதற்குள் மக்கள் தங்கள் துக்கத்தைத் தாங்களே நடத்தி முடித்திருந்தார்கள். உடல் தாங்கிய ரயில் ஊர் ஊராக நின்று இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரைச் சேர்ந்து, மே 4 அன்று அடக்கமும் நடந்துவிட்டது. நியூயார்க்கில் ஏப்ரல் 25 அன்று நடந்த ஊர்வலத்தில் கறுப்பின மக்கள் நடந்துவரக் கூடாது என்று நகராட்சி மன்றம் தடுக்கப் பார்த்தது. வாஷிங்டனிலிருந்து போர்த்துறை தலையிட்ட பிறகே அவர்கள் சேர்க்கப்பட்டு, அதுவும் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தார்கள். அடிமைகளின் விடுதலையை அறிவித்த மனிதரின் இறுதி ஊர்வலத்திலேயே விடுதலை பெற்றவர்களுக்கு இடம் உண்டா என்ற கேள்வி எழுந்தது என்றால், அடுத்த நூறாண்டுகளில் நினைவு நாட்களுக்கு நேரப்போவது அப்போதே தெரிந்துவிட்டது எனலாம்.

போரில் இறந்தவர்களின் தொகை நீண்டகாலமாக 6,20,000 என்றே சொல்லப்பட்டு வந்தது. மக்கள்தொகைக் கணக்குகளைக் கொண்டு 2011 இல் செய்த ஆய்வொன்று அதை ஏறத்தாழ 7,50,000 என மதிப்பிட்டது. எந்தக் கணக்கை ஏற்றாலும், இத்தனை சடலங்களைக் கையாள அன்றைய அரசிடம் எந்த ஏற்பாடும் இல்லை. வீரர்களின் கழுத்தில் அடையாளத் தகடு கிடையாது; குடும்பத்துக்குச் செய்தி சொல்லும் முறையான அலுவலகம் கிடையாது; விழுந்த இடத்திலேயே ஆழமில்லாத குழி தோண்டி, சாராயப் பீப்பாயின் பலகையிலோ ரொட்டிப் பெட்டியின் மூடியிலோ பெயரை எழுதி நட்டுவிட்டுப் படை நகர்ந்துவிடும், இரண்டு மழைக்காலத்தில் அந்த எழுத்தும் போய்விடும். 1862 ஜூலையில் காங்கிரஸ் இயற்றிய சட்டம் தேசியக் கல்லறைத் தோட்டங்களுக்கு நிலம் வாங்க அதிபருக்கு அதிகாரம் தந்தது. கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் ஈ. லீயின் மனைவிக்குச் சொந்தமாக இருந்த ஆர்லிங்டன் பண்ணையில் 1864 மே மாதம் முதல் அடக்கம் நடந்தது. போர் முடிந்த பிறகு ஒன்றியப் படையின் அதிகாரிகள் தெற்கு முழுவதும் அலைந்து, சோளக்காடுகளிலும் சாலையோரங்களிலும் கிடந்த ஏறத்தாழ 3 லட்சம் வீரர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து 74 தேசியக் கல்லறைத் தோட்டங்களில் வரிசையாகப் புதைத்தார்கள். அவர்களில் பாதியை நெருங்கும் தொகையினருக்குப் பெயர் தெரியவில்லை.

மே மாத இறுதியில் அமெரிக்கா கடைப்பிடிக்கும் நீத்தார் நினைவு நாளின் கதை இந்தக் கல்லறைகளிலிருந்து தொடங்குகிறது. இன்று கிடைக்கும் சான்றுகளின்படி அதன் மிக முந்தைய பெருநிகழ்வு தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் நடந்தது. போரின் முதல் குண்டு பாய்ந்த துறைமுகம் அது. நகரத்துப் பண்ணை முதலாளிகள் குதிரைப் பந்தயம் நடத்திக் களித்துவந்த வாஷிங்டன் பந்தயத் திடலைக் கூட்டமைப்பினர் போரின் கடைசி ஆண்டில் திறந்தவெளிச் சிறையாக்கினார்கள். குதிரைகள் ஓடும் வட்டத்தின் உட்புறத்தில், கூரையும் இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஒன்றியப் படைக் கைதிகளில் குறைந்தது 257 பேர் நோயிலும் பட்டினியிலும் மாண்டு, பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவசரமாக வெட்டிய குழிகளில் தள்ளப்பட்டார்கள். 1865 பிப்ரவரியில் கூட்டமைப்புப் படை நகரைக் கைவிட்டு ஓடியது. வசதியுள்ள வெள்ளையர்களில் பெரும்பாலோரும் வெளியேறிவிட, நகரில் மிஞ்சியவர்களில் மிகப் பலர் அன்றுவரை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள்.

அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, முன்பின் தெரியாத அந்த வீரர்களை முறையாக அடக்கம் செய்தது. ஏப்ரல் மாதத்தில் இருபத்தெட்டு கறுப்பினத் தொழிலாளர்கள் குழிகளைத் திறந்து, எச்சங்களை எடுத்து, வரிசையாகத் தனித்தனிக் கல்லறைகள் அமைத்து, சுற்றிலும் உயரமான மரவேலி போட்டு வெள்ளையடித்தார்கள். வாயில் வளைவில் ‘பந்தயத் திடலின் தியாகிகள்’ என்று எழுதிவைத்தார்கள். மே 1 அன்று காலை சுமார் பத்தாயிரம் பேர் அந்தத் திடலில் திரண்டார்கள். விடுதலைக்குப் பின் திறந்த பள்ளிகளில் அப்போதுதான் எழுத்து கற்கத் தொடங்கியிருந்த ஏறத்தாழ மூவாயிரம் குழந்தைகள் கை நிறைய ரோஜாக்களோடு, அடிமைமுறையை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய ஜான் பிரவுனைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். கூடைகளில் பூவும் மாலைகளும் சிலுவைகளும் ஏந்திய பெண்கள் அவர்களுக்குப் பின்னால், அதன் பிறகு ஆண்கள், கடைசியில் ஒன்றியப் படையினர். கல்லறைகளின் மண் தெரியாத அளவுக்குப் பூ குவிந்தது. கறுப்பினப் போதகர்கள் விவிலியம் வாசித்தார்கள், உரைகள் நடந்தன, பிறகு குடும்பங்கள் புல்தரையில் அமர்ந்து உணவு உண்டன, மாசசூசெட்ஸ் 54 ஆவது பிரிவு உள்ளிட்ட கறுப்பினப் படைப்பிரிவுகள் கல்லறைகளைச் சுற்றி அணிவகுத்தன. காலையில் வழிபாடு, நண்பகலில் உரை, பிற்பகலில் குடும்பத்தோடு வெளியில் உணவு, இடையே படை அணிவகுப்பு என்று, பின்னாளில் அமெரிக்க நீத்தார் நினைவு நாளுக்கு இலக்கணமாக அமைந்த அனைத்தும் அன்றைக்கே அங்கே இருந்தன. அந்த மக்கள் கொண்டாடியதன் பொருளிலும் ஐயமில்லை: இந்த வீரர்கள் எங்கள் விடுதலைக்காக இறந்தார்கள், இந்தக் குடியரசு இப்போது எங்களுடையதும்கூட என்பதே அது. எந்த அதிபரும் அதற்குப் பிரகடனம் விடுக்கவில்லை.

தெற்கின் வெள்ளையர்களிடமும் இதையொத்த வழக்கம், வேறொரு பொருளோடு, வளர்ந்தது. ஒன்றிய அரசின் மறு அடக்கத் திட்டம் கூட்டமைப்பு வீரர்களைச் சேர்த்துக்கொள்ளாததால் அந்த வேலையை ஊர்தோறும் மகளிர் நினைவுச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. தோற்ற படையின் ஆண்கள் கூட்டம் கூடினால் அது துரோகம் என்று பார்க்கப்பட்டிருக்கும். பெண்கள் கல்லறைக்குப் பூ வைப்பதை ஆக்கிரமிப்புப் படை தடுக்காது. ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரச் சங்கம் விடுத்த அழைப்பின்படி 1866 ஏப்ரல் 26 அன்று தெற்கின் பல நகரங்களில் கூட்டமைப்பு வீரர்களின் கல்லறைகள் அலங்கரிக்கப்பட்டன. மிசிசிப்பி மாநிலத்தில் அதே பெயர் கொண்ட கொலம்பஸ் நகரின் பெண்கள், அதற்கு முந்தைய நாள், தங்கள் ஊரில் புதைந்திருந்த இரு தரப்பு வீரர்களுக்கும் பூ வைத்தது வடக்கின் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. துக்கம் உண்மையானது என்பதில் மறுப்பில்லை. ஆயினும் தோல்வியைத் தியாகமாகவும், அடிமைமுறைக்காக நடந்த போரை மாநில உரிமைக்கான போராகவும் மாற்றிச் சொல்லும் கதை, வரலாற்றாசிரியர்கள் ‘இழந்த இலட்சியம்’ என்று குறிப்பிடும் அந்தக் கதை, இந்தக் கல்லறை விழாக்களில்தான் வேரூன்றியது.

வடக்கில் இந்தச் சிதறிய வழக்கங்களை ஒரே நாளில் கட்டியவர் ஜான் ஏ. லோகன். கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்ற ஒன்றியப் படை முன்னாள் வீரர் அமைப்பின் தலைவராக இருந்த அவர், 1868 மே 5 அன்று வெளியிட்ட 11 ஆம் எண் பொது ஆணையில், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் தோழர்களின் கல்லறைகளுக்கு மே 30 அன்று பூச்சூட்டும்படி அமைப்பின் கிளைகளைப் பணித்தார். மே இறுதியில் வடக்கிலும் பூக்கள் மலர்ந்திருக்கும் என்பது அந்தத் தேதிக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நீத்தார் நினைவு நாளுக்கு முதலில் ‘டெக்கரேஷன் டே’, அதாவது அலங்கரிக்கும் நாள், என்ற பெயரே வழங்கியது. அவ்வாண்டு ஆர்லிங்டனில் சுமார் ஐயாயிரம் பேர் கூடி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அலங்கரித்தபோது உரையாற்றியவர் அன்று காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டு. இறந்தவர்களின் செயலுக்கு முன் பேச்சே பொருந்தாதது என்று தொடங்கி நீண்ட உரை நிகழ்த்திய அவர், 1881 இல் அதிபராகி, அதே ஆண்டு சுடப்பட்டு செப்டம்பர் 19 அன்று இறந்தார். அவருக்காகவும் ஒரு துக்க நாளை, செப்டம்பர் 26 ஆம் தேதியை, அடுத்த அதிபர் செஸ்டர் ஆர்தர் அறிவிக்க நேர்ந்தது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஆர்லிங்டனில் இருந்த கூட்டமைப்பு வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்க அனுமதி இல்லை. இந்தக் கடுமை மனிதநேயத்துக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னே ஒரு தெளிவான எண்ணம் இருந்தது. 1871 மே 30 அன்று, பெயர் தெரியாத 2,111 பேரின் எச்சங்களை உள்ளடக்கிய நினைவுச் சின்னத்தின் அருகில், அதிபர் யுலிசஸ் கிரான்ட் முன்னிலையில் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸ் அதை எடுத்துரைத்தார். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, நாட்டின் தலைசிறந்த பேச்சாளராக உயர்ந்த டக்ளஸ், வீழ்ந்தவர்கள்மீது பகை கொள்ளத் தேவையில்லை, ஆனால் தேசத்தைக் காக்க வாளெடுத்தவனுக்கும் அதை அழிக்க வாளெடுத்தவனுக்கும் இடையிலான வேறுபாட்டை மறப்பது கூடாது என்று வற்புறுத்தினார். இரு தரப்பிலும் வீரம் இருந்தது என்பதாலேயே இரு தரப்பின் நோக்கமும் ஒன்றாகிவிடாது என்ற இந்த வாதத்தைவிட நேர்மையான ஒன்றை அமெரிக்க நினைவு நாள் உரைகளில் காண்பது அரிது. அவர் அஞ்சியதுதான் நடந்தது.

நியூயார்க் மாநிலம் 1873 இல் மே 30 ஐ அரசு விடுமுறையாக்கியது. 1890 க்குள் வடக்கு மாநிலங்கள் எல்லாம் அதைப் பின்பற்றின. இடையில் 1888 இல் ஒன்றிய அரசும் ஏற்றது. ஆனால் நாள் சட்டத்தில் ஏறிய அதே காலத்தில் அதன் உட்பொருள் கரைந்துகொண்டிருந்தது. ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் 1877 இல் அதிபராகப் பதவியேற்றதும், தெற்கின் மாநில அரசுகளுக்குக் காவலாக இருந்த ஒன்றியப் படையை விலக்கிக்கொள்ள, கறுப்பின மக்களின் வாக்குரிமை ஒவ்வொரு மாநிலமாகப் பறிபோனது. போரில் சேராமல் தமக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் அனுப்பியவரான அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட், கைப்பற்றிய கூட்டமைப்புக் கொடிகளைத் திருப்பித் தர 1887 இல் இசைந்தபோது முன்னாள் வீரர்களின் கொதிப்புக்கு அஞ்சிப் பின்வாங்கினார். 1905 இல் தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் காங்கிரஸ் அதே கொடிகளைத் திருப்பித் தர முடிவெடுத்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் நாடு அவ்வளவு மாறியிருந்தது.

இந்த மாற்றத்தில் அதிபர்களுக்கும் பொறுப்பு உண்டு. உள்நாட்டுப் போரில் களம் கண்ட கடைசி அதிபரான வில்லியம் மெக்கின்லி, ஸ்பெயினோடு நடந்த போரில் தெற்கத்திய இளைஞர்களும் ஒரே கொடியின்கீழ் போரிட்ட உற்சாகத்தில், 1898 டிசம்பரில் அட்லாண்டாவில் பேசுகையில், கூட்டமைப்பு வீரர்களின் கல்லறைகளைப் பேணுவதிலும் ஒன்றிய அரசு பங்கேற்க வேண்டும் என்றார். அதன் விளைவாக ஆர்லிங்டனில் அவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1913 ஜூலை 4 அன்று, இரு தரப்பையும் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் கூடாரமடித்துத் தங்கியிருந்த களத்தில் உரையாற்றிய உட்ரோ வில்சன், பழைய பகை மறைந்ததைப் பாராட்டினாரே தவிர, அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய அரசின் அலுவலகங்களிலோ அந்த ஆண்டிலேயே கறுப்பின ஊழியர்கள் வெள்ளையர்களிடமிருந்து பிரித்து அமர்த்தப்பட்டார்கள். மறு ஆண்டு ஜூன் 4 அன்று ஆர்லிங்டனில் கூட்டமைப்பு நினைவுச் சின்னத்தின் திறப்பு விழாவிலும் அவரே பேசினார். அந்த வெண்கலச் சிற்பத்தில், போருக்குப் புறப்படும் அதிகாரியின் குழந்தையை ஒரு கறுப்பினப் பணிப்பெண் ஏந்தி நிற்கிறாள், அடிமை ஒருவன் எசமானனோடு களத்துக்கு நடக்கிறான்: அடிமைகள் மனமுவந்து உடன் நின்றார்கள் என்ற பொய் தேசியக் கல்லறைத் தோட்டத்திலேயே உருவம் பெற்று நின்றது. அது 2023 டிசம்பரில் அகற்றப்பட்டது. திரும்ப நிறுவப்படும் என்று 2025 இல் பாதுகாப்புத் துறை அறிவித்தது. இரு தரப்பு வெள்ளையர்களும் கைகுலுக்கிக்கொண்ட அந்தச் சமரசத்தின் செலவைக் கறுப்பின மக்களே ஏற்றார்கள் என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் மிகையாகாது.

முதல் உலகப் போருக்குப் பிறகு மே 30 எல்லாப் போர்களிலும் இறந்தவர்களுக்கான நாளாக விரிந்தது. போர் ஓய்ந்த நவம்பர் 11 க்கு 1919 இல் வில்சன் செய்தி விடுத்தார். 1921 இல் அதே தேதியில், பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட பெயர் தெரியாத வீரரின் உடல் அதிபர் வாரன் ஹார்டிங் முன்னிலையில் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டது. 1938 இல் சட்டப்படி விடுமுறையான அந்தப் போர்நிறுத்த நாளை, 1954 இல் டுவைட் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம், உயிரோடிருப்பவர்களையும் சேர்த்து முன்னாள் படைவீரர் அனைவரையும் போற்றும் நாளாக மாற்றியது.

டக்ளஸின் குரல் அதிபர் பதவியை ஒட்டிய ஓரிடத்திலிருந்து மறுபடி கேட்க 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மே 30 அன்று கெட்டிஸ்பர்க்கில் பேசிய துணை அதிபர் லின்டன் ஜான்சன், அடிமைத்தளை அறுந்து நூறாண்டு ஆன பிறகும் கறுப்பின மனிதன் நீதி கேட்டு நிற்கிறான், பொறுத்திரு என்பது அவனுக்கு விடையாகாது என்ற பொருளில் பேசினார். தெற்கு மாநிலமான டெக்சஸில் பிறந்து வளர்ந்த ஒருவர், கூட்டமைப்பு தோற்ற களத்தில், நீத்தார் நினைவு நாளிலேயே இதைச் சொன்னது சிறிய செயல் அல்ல. ஆறு மாதத்துக்குள் ஜான் கென்னடி கொல்லப்பட, நவம்பர் 25 ஆம் தேதியைத் தேசியத் துக்க நாளாக அறிவிக்கும் முதற்கடமை ஜான்சனுக்கே வந்தது; மறு ஆண்டு அவர் கையெழுத்தில் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது.

அதே ஜான்சன்தான் நினைவு நாளின் வரலாற்றை இரண்டு வகையில் குழப்பியவரும். 1966 மே மாதம் அவர் வெளியிட்ட பிரகடனம், 1866 மே 5 அன்று விழா எடுத்த நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூ என்ற சிற்றூரையே நீத்தார் நினைவு நாளின் பிறப்பிடமாக ஏற்றுக்கொண்டது. சார்ல்ஸ்டன் அதற்கு ஓராண்டு முந்தியது என்பதை அப்போது வாஷிங்டனில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1968 ஜூன் 28 அன்று அவர் கையெழுத்திட்ட திங்கட்கிழமை விடுமுறைச் சட்டமோ, 1971 முதல் மே 30 ஐ மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கும், வாஷிங்டன் பிறந்த நாளைப் பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமைக்கும், முன்னாள் படைவீரர் நாளை அக்டோபருக்கும் நகர்த்தியது. தொழிலாளர்களுக்குத் தொடர்ச்சியாக மூன்று நாள் ஓய்வு கிடைக்கும், குடும்பங்கள் ஒன்றுகூடும், வணிகமும் வளரும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பிப்ரவரியின் மூன்றாம் திங்கள் 15 க்கும் 21 க்கும் இடையிலேயே விழும் என்பதால், வாஷிங்டனின் பிறந்த நாள் விடுமுறை அவர் பிறந்த 22 ஆம் தேதியில் இனி ஒருபோதும் வராது. அந்த விடுமுறையைக் கடைகளும் பல மாநிலங்களும் ‘அதிபர்கள் தினம்’ என்று அழைத்தாலும், ஒன்றியச் சட்டத்தில் இன்றுவரை அது வாஷிங்டன் பிறந்த நாள்தான்; பிப்ரவரி 12 இல் பிறந்த லிங்கனுக்கு ஒன்றிய அரசின் விடுமுறை என்றுமே இருந்ததில்லை. நவம்பர் 11 ஐ இழக்க முன்னாள் வீரர்கள் உடன்படாததால் ஜெரால்டு ஃபோர்டு 1975 இல் கையெழுத்திட்ட சட்டப்படி 1978 முதல் அது பழைய இடத்துக்குத் திரும்பியது. மே 30 க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒரு கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே, பழைய தேதியை மீட்கும் மசோதாவைத் தம் இறுதிக்காலம் வரை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தும் பயனில்லை.

நீண்ட வார இறுதியின் கடைத்தள்ளுபடிகளுக்கும் கடற்கரைப் பயணங்களுக்கும் நடுவே பழைய நாளின் ஒழுங்கு இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. நினைவு நாளுக்கு முந்தைய வியாழனன்று ஆர்லிங்டனில் 3 ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் முதுகுப்பையில் சிறு கொடிகளைச் சுமந்து வரிசை வரிசையாக நடக்கிறார்கள். ஒவ்வொரு நடுகல்லின் முன்னும் நின்று, பூட்ஸின் முனையைக் கல்லின் நடுவில் ஒட்டிவைத்து, குதிகால் படும் இடத்தில் கொடியை ஊன்றுகிறார்கள். இதனால் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களுக்கு முன்னால் கொடிகள் ஒரே தொலைவில் நிற்கின்றன. 1948 முதல் நடக்கும் வழக்கம் இது. திங்களன்று நாடெங்கும் தேசியக் கொடி நண்பகல் வரை அரைக்கம்பத்தில் பறந்து, பிறகு உச்சிக்கு ஏற்றப்படுகிறது. பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் நின்று நினைக்கும்படி 2000 ஆம் ஆண்டில் பில் கிளின்டன் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் கேட்டுக்கொள்கிறது.

சார்ல்ஸ்டனின் கல்லறைகள் இப்போது அந்த இடத்தில் இல்லை. புதைக்கப்பட்டிருந்தவர்களின் எச்சங்கள் பிற்காலத்தில் தேசியக் கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றப்பட, பந்தயத் திடல் பூங்காவாகி, கூட்டமைப்பின் தளபதியும் வெள்ளையர் மேலாட்சியை மீட்டெடுத்த ஆளுநருமான வேட் ஹாம்ப்டனின் பெயரைப் பெற்றது. 1865 மே நாளில் அப்படி ஒரு விழா நடந்ததா என்று 1916 இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டபோது, சார்ல்ஸ்டன் மகளிர் நினைவுச் சங்கத்தின் தலைவி அதைப் பற்றி அதிகாரபூர்வமான தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் எழுதினார். பத்தாயிரம் பேர் நடந்த ஊர்வலம் ஐம்பது ஆண்டுகளில் ஊரின் நினைவிலிருந்தே துடைக்கப்பட்டிருந்தது. 1990 களில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் முன்னாள் ஒன்றிய வீரர்களின் தாள்களைப் புரட்டிய வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட், முதல் அலங்கரிப்பு நாள் என்று தலைப்பிட்ட ஒரு கோப்பில் அதன் குறிப்பைக் கண்டு, அக்காலச் செய்தித்தாள்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்து, 2001 இல் வெளியான தம் நூலில் எழுதிய பிறகே உலகம் அறிந்தது.

அந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்த ஆண்டுகளிலும் தென் கரோலினாவின் நாட்காட்டி பழைய வழக்கை முடித்துக்கொள்ளவில்லை. 1968 இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட நான்கே நாளில் அவருக்கொரு தேசிய நாள் வேண்டும் என்ற மசோதா காங்கிரசுக்கு வந்து, பதினைந்து ஆண்டு இழுபறிக்குப் பின், தொடக்கத்தில் தயக்கம் காட்டிய ரொனால்டு ரீகனால் 1983 நவம்பர் 2 அன்று கையெழுத்தானது. ஒரு கறுப்பினத் தலைவருக்கு ஒன்றிய விடுமுறை கிடைத்தது அதுவே முதல்முறை. 1865 ஜூன் 19 அன்று டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் விடுதலை அறிவிப்பு வந்ததைக் கறுப்பின மக்கள் தலைமுறைகளாகக் கொண்டாடிவந்த ஜூன்டீன்த், 2021 இல் ஜோ பைடனின் கையெழுத்தால் ஒன்றிய விடுமுறையானது. ஆனால் கிங் நாளை எல்லா அரசு ஊழியர்களுக்கும் உரிய விடுமுறையாக ஏற்றதில் ஐம்பது மாநிலங்களில் கடைசியாக நின்றது தென் கரோலினா. 2000 ஆம் ஆண்டில் அதை ஏற்ற அதே சட்டம், கூட்டமைப்பின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் இறந்ததும் அதன் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் பிடிபட்டதும் நிகழ்ந்த தேதியான மே 10 ஐக் கூட்டமைப்பு நினைவு நாளாக்கி, அரசு அலுவலகங்களுக்கு அன்றும் விடுமுறை அளித்தது. தென் கரோலினாவின் அரசு ஊழியர்களுக்கு மே மாதத்தில் இரண்டு நினைவு நாள் விடுமுறைகள் உள்ளன. சார்ல்ஸ்டனின் மே முதல் நாளுக்கு விடுமுறை இல்லை.